முப்பதடிக்குள் ஒரு விரல்

“சரி, இங்க ஒண்ணும் இல்ல. கிளம்பலாம்” என்று சொல்லி அண்ணன்காரர் கதவுப் பக்கம் திரும்பினார். அதே நொடியில் ஹாலின் கூரையில் இருந்த வட்ட விளக்கு பளிச்சென்று எரிந்தது.

ஹாலில் இருந்தது மூன்றே பேர். மூன்று பேருமே சுவரை விட்டுத் தள்ளி நின்றுகொண்டிருந்தார்கள். சுவிட்சை யாரும் தொடவில்லை.

“பாத்தீங்களா? பாத்தீங்களா?” அண்ணன்காரரின் குரல் கிறீச்சிட்டது. “மூணு நாளா இதே கூத்துதான்! எதிர்க்கடையில உக்காந்துகிட்டே இருக்கேன். எழுந்து போகலாம்னு நினைக்கிறப்ப விளக்கு எரியும். ஓடி வந்து கதவைத் திறந்தா ஒரு ஈ காக்கா இருக்காது!”

அவர் குளியலறைக்கு ஓடினார். அடுப்படிக்கு ஓடினார். பால்கனியில் எட்டிப் பார்த்தார். ஆறடிக்கு மேல் உயரம். ஒவ்வொரு வாசலிலும் தலையைக் குனிந்துதான் நுழைய வேண்டியிருந்தது.

சர்வேயர் நின்ற இடத்தை விட்டு அசையவில்லை. இருபத்திரண்டு வருஷம் இன்சூரன்ஸ் கம்பெனிக்காக எரிந்துபோன கிடங்குகளில் நின்று, நெருப்பு தானாகப் பற்றியதா, பற்றவைத்ததா என்று சொல்லிக்கொண்டிருந்த, கண்ணாடி போட்ட பெண்மணி அவர். ஓய்வு பெற்ற பிறகு தனியாகத் துப்பறியும் அலுவலகம் வைத்தார். பழைய வேலையின் பெயர் மட்டும் அவரை விட்டுப் போகவில்லை.

அவருடைய உதவியாளனுக்குப் பெயர் பல்பு. பதினோரு வருஷம் விளக்குக் கடையில் விற்பனையாளனாக இருந்ததால் வந்த பெயர் என்று அவன் சொல்லுவான். அடிக்கடி யாரிடமாவது பல்பு வாங்கிக்கொண்டு வருவதால் வந்த பெயர் என்று சர்வேயர் சொல்லுவார்.

விஷயம் இதுதான். இந்த மூன்றாம் மாடி வீட்டில் இருந்தவள் ஒரு லிஃப்ட் மெக்கானிக். அவள் வேலை பார்த்த கம்பெனி பராமரித்த ஒரு லிஃப்ட், போன மாதம் பிரேக் பிடிக்காமல் கீழே விழுந்து இரண்டு பேர் இறந்துபோனார்கள். அதன் பிரேக் தேய்ந்துவிட்டது என்று அவள் முன்பே மூன்று தடவை எழுதிக் கொடுத்திருந்தாளாம். இன்று மாலை ஐந்து மணிக்கு விசாரணை. சாட்சி சொல்ல வேண்டியவள் மூன்று நாளாகக் காணோம். ‘பயந்துபோய் எங்கேயோ இருக்கா. கண்டுபிடிச்சுக் குடுங்க, நானே கூட்டிக்கிட்டுப் போறேன்’ என்று காலையில் அலுவலகத்துக்கு வந்து கண்ணைத் துடைத்துக்கொண்டவர்தான் இந்த அண்ணன்.

“எங்கேயோ இருந்துகிட்டு போன்லயே இதைப் போடுறா” என்றார் அவர், மூச்சு வாங்க. “இன்டர்நெட் வழியாத்தானே? எந்த இடத்துலேர்ந்துன்னு கண்டுபிடிக்க முடியும்ல? அதுக்குத்தான் உங்களைக் கூட்டிட்டு வந்தேன்.”

சொல்லிக்கொண்டே சுவிட்ச் பலகையிடம் போனார். நடு சுவிட்சின் மேல் ஒரு காகிதம் டேப் போட்டு ஒட்டியிருந்தது. பரக்கென்று அதைக் கிழித்துக் கீழே போட்டுவிட்டு, சுவிட்சைத் தட்டினார். விளக்கு அணைந்தது. மறுபடி தட்டினார். எரிந்தது.

சர்வேயர் குனிந்து காகிதத்தை எடுத்தார். ஒரு பார்வை பார்த்தார். மடித்துக் கைப்பைக்குள் வைத்துக்கொண்டார்.

“பல்பு, ஏறிப் பாரு. உன் சரக்குதானே?”

பல்பு நாற்காலியைப் போட்டு ஏறினான். பிளாஸ்டிக் மூடியைத் திருகிக் கழற்றினான். உள்ளே ஒட்டியிருந்த சீட்டைப் பார்த்ததும் தெரிந்துபோனது. ஸ்மார்ட் விளக்கு என்று போட்டு விற்பதிலேயே ஆகக் குறைந்த விலை சரக்கு. அவனே இருநூறுக்கு மேல் விற்றிருப்பான். “அட, மேடம், இதுல வைஃபையே...”

“இறங்கு.”

“இல்ல மேடம், இது வெறும்...”

“இறங்குன்னேன்ல?”

இறங்கினான். சர்வேயரின் முகம் கல் மாதிரி இருந்தது.

“ரொம்ப மலிவான சரக்கு. இல்லையா?” என்றார்.

“ரொம்பவே மலிவு மேடம்.”

“மலிவு சரக்குன்னா இப்படித்தான், கரண்ட் கொஞ்சம் ஏறி இறங்கினாலே தானா எரியும், தானா அணையும். நீதான சொல்லுவ?”

அவன் வாழ்நாளில் அப்படிச் சொன்னதில்லை. இந்த விளக்கு இரண்டு வருஷத்தில் மங்கும், கோடைக்காலத்தில் ரீங்காரம் போடும், நாலு தடவை சொன்னால்தான் ஒரு தடவை கேட்கும். அதெல்லாம் உண்டு. ஆனால் யாரும் சொல்லாமல் அதுவாக எரிந்ததாக ஒரு வாடிக்கையாளர்கூட வந்து சண்டை போட்டதில்லை. ஆனாலும் சர்வேயரின் கண் சொன்னது வேறு.

“ஆமா மேடம்” என்றான். “கண்ட நேரத்துல எரியும். எங்க கடையில ஒரு அம்மா பேய்னு நினைச்சு வீட்டையே காலி பண்ணிட்டாங்க. பேய்க்குக்கூட இந்த விளக்கு பிடிக்காது.”

அண்ணன்காரர் சிரிக்கவில்லை. “அப்ப அவ போடலையா?”

“இந்த வீட்டுக்கு உங்களைத் தவிர யாரும் வரல” என்றார் சர்வேயர். “தரையில தூசியைப் பாருங்க. உங்க செருப்புத் தடம் மட்டும்தான் இருக்கு.”

அண்ணன்காரர் கைக்கடிகாரத்தைப் பார்த்தார். நாலு அடிக்கப் பத்து நிமிஷம். முகத்தில் இருந்த அழுகை சட்டென்று எங்கேயோ போய்விட்டது. “மூணு நாள் வேஸ்ட்” என்று முணுமுணுத்தார். “கீழ போய் ஒரு போன் பேசிட்டு வரேன்.” இரண்டிரண்டு படியாக இறங்கி ஓடினார்.

காலடிச் சத்தம் தேயும்வரை சர்வேயர் காத்திருந்தார். பிறகு கைப்பையிலிருந்து காகிதத்தை எடுத்து நீட்டினார். பல மாதமாக ஒட்டியிருந்து பழுப்பேறிய காகிதம். பேனாவால் எழுதியிருந்தது: ‘இதை அணைக்காதீங்க. அப்புறம் அண்ணாவுக்கு எட்டாது.’

பல்பு இரண்டு தடவை படித்தான். “எட்டாதா? இந்த ஆள் கையைத் தூக்கினா கூரையே எட்டுமே!”

“வாசப்படியைப் பாரு.”

வாசல்படியில் சின்னச் சரிவாக ஒரு பலகையை அடித்திருந்தார்கள். சாப்பாட்டு மேஜையின் ஒரு பக்கம் மட்டும் நாற்காலி இல்லை. அந்தப் பக்கத்துத் தரையில் கறுப்பாக இரண்டு ரப்பர்த் தடங்கள்.

“சக்கர நாற்காலி” என்றான் பல்பு. “எழுந்து சுவிட்ச் போட முடியாதவருக்காகத்தான் இந்த விளக்கையே வாங்கியிருக்காங்க. அப்ப இவன் யாரு?”

“கம்பெனி ஆள். சாவி அவ ஆபீஸ்ல விட்டுட்டு வந்த பையில இருந்திருக்கும். அஞ்சு மணிக்குள்ள அவளைக் கண்டுபிடிச்சு என்ன பண்ணுவான்னு நான் சொல்லித் தெரிய வேண்டியதில்ல. இப்ப சொல்லு, நாற்காலி மேல என்ன சொல்ல வந்த?”

“இதுல வைஃபை கிடையாது மேடம். புளூடூத் மட்டும்தான். உலகத்துல எங்கேயோ இருந்துகிட்டெல்லாம் போட முடியாது. போன் முப்பதடிக்குள்ள இருக்கணும். நடுவுல கான்கிரீட் இருந்தா அதுலயும் பாதி.”

“கீழ் வீடு பூட்டிக் கிடக்கு. இந்தப் பக்கம் படிக்கட்டு, அந்தப் பக்கம் தெரு.” சர்வேயர் கூரையை அண்ணாந்து பார்த்தார். “அவ நம்ம தலைக்கு மேலதான் இருக்கா. அதை அவன் காதுல போடாம இருக்கத்தான் அந்தப் பொய். வா.”

மேல் வீட்டுக் கதவை, அங்கே குடியிருக்கும் ஒரு நர்ஸம்மா சங்கிலியை எடுக்காமலே திறந்தார். அந்த இடுக்கில் சர்வேயர் பழுப்புக் காகிதத்தை நீட்டினார். நர்ஸம்மா அதைப் பார்த்தார், பின்னால் திரும்பினார், சங்கிலியை எடுத்தார்.

ஜன்னலோரம் சக்கர நாற்காலியில் ஒருவர் இருந்தார். நாற்பது வயது இருக்கும். மூன்று நாள் தாடி. மடியில் ஒரு போன். ஹாலில் வேறு யாரும் இல்லை.

“தங்கச்சி எங்க?” என்றான் பல்பு.

“இங்க இல்ல.”

சர்வேயர் திகைத்து நின்றதைப் பல்பு அன்றுதான் பார்த்தான். அவர் தன்னைச் சமாளித்துக்கொண்டு, கீழே நடந்ததைச் சுருக்கமாகச் சொன்னார். விளக்கு கெட்டுப்போனது, தானாக எரிகிறது என்று அவனை நம்பவைத்துவிட்டதையும் சொன்னார்.

நாற்காலியில் இருந்தவரின் முகம் வெளுத்தது. “ஐயோ, என்ன காரியம் பண்ணிட்டீங்க!”

“உங்களைக் காப்பாத்தத்தான்...”

“ஒளிஞ்சிருக்கிறவ எதுக்கும்மா விளக்குப் போடுவா? யோசிக்க வேண்டாமா? நான்தான் போட்டேன். அவன் இந்த வீட்டையே பாத்துக்கிட்டுக் கிடக்கணும்னு போட்டேன். ஜன்னல் வழியாப் பாத்தும் கேட்டும், அவன் கிளம்பப் பாக்கும்போதெல்லாம் ஒரு தடவை போட்டு உக்கார வச்சேன். இங்க இருக்கிற வரைக்கும் அவளைத் தேடி வேற எங்கேயும் போக மாட்டான்ல? மூணு நாளா ரெண்டு மணி நேரம்கூட சேந்தாப்ல தூங்கல நான்.”

“அவ எங்க இப்ப?” சர்வேயரின் குரல் தாழ்ந்திருந்தது.

“ஃப்ரெண்டு வீட்லேர்ந்து பஸ்ல வந்துகிட்டிருக்கா. நாலே முக்காலுக்கு விசாரணை ஆபீஸ் வாசல்ல இறங்குவா. போனை வச்சு இடத்தைக் கண்டுபிடிச்சிடுவாங்கன்னு அதை இங்கயே விட்டுட்டுப் போயிட்டா. ‘வராதே’ன்னு சொல்லக்கூட வழியில்ல.”

பல்பு ஜன்னல் திரையை ஒரு விரலால் விலக்கினான். கீழே உயரமானவன் போனைச் சட்டைப்பைக்குள் போட்டுக்கொண்டிருந்தான். தெருமுனையில் திரும்பி ஒரு சாம்பல் நிறக் கார் வந்தது. அவன் கையைத் தூக்கிக் காட்டினான்.

“ஆபீஸ் வாசலுக்குத்தான் போறான்” என்றான் பல்பு. “வாசல்ல வச்சே மடக்கிடுவான்.”

சர்வேயர் கார் எண்ணை ஒரு துண்டுக் காகிதத்தில் எழுதினார். எழுதி முடித்தபோது பழைய ஆளாகியிருந்தார். “பல்பு, நான் பின்பக்கப் படியில இறங்கி பஸ் ஸ்டாப்புக்குப் போறேன். அவ உள்ள நுழையிற வரைக்கும் அந்த ஆளை இங்கேயே வச்சிரு. எப்படின்னு கேக்காத. எனக்கும் தெரியாது.”

“ஒரு மணி நேரமா? அந்த ஆளையா? மேடம், அவன் ஒரு அறை விட்டா எனக்கு அடுத்த மாசம்தான் வலிக்கவே ஆரம்பிக்கும்.”

“தெரியும்” என்றார். அவன் தோளை ஒரு தடவை தொட்டுவிட்டுப் போய்விட்டார்.

பல்பு நாற்காலிக்காரரிடம் திரும்பினான். “சார், ஜன்னலைத் திறந்தே வைங்க. நான் கீழ சத்தமாப் பேசுவேன். ‘எரியுது’ன்னா ஒரு தடவை அணைச்சுப் போடுங்க. ‘மஞ்சள்’னு சொன்னா மஞ்சளாக்குங்க. ‘மங்குது’ன்னா குறைங்க. வேற எதையும் தொட வேண்டாம்.”

அவர் தலையாட்டினார். கட்டைவிரலைப் போன் மேல் வைத்துக்கொண்டார்.

கார் கதவு திறந்திருந்தது. உயரமானவனின் ஒரு கால் உள்ளே போய்விட்டது.

“சார்! சார்!” மூன்றாம் மாடி பால்கனியிலிருந்து பல்பு கத்தினான். “தப்பு நடந்துபோச்சு! விளக்கு கெட்டுப்போகல! யாரோ போடுறாங்க! இப்பவும் எரியுது, வந்து பாருங்க!”

அவனுக்குப் பின்னால் விளக்கு சரியாக அந்த நேரத்தில் ஒரு தடவை அணைந்து எரிந்தது. தெருவில் நின்றவனுக்கும் அது தெரிந்தது. அவன் ஒரு கணம் யோசித்தான். காரைப் பார்த்தான், ஜன்னலைப் பார்த்தான். பிறகு காலை வெளியே எடுத்தான்.

அவன் மேலே வந்து கதவைச் சாத்தினான். தாழ்ப்பாளையும் போட்டான்.

“அந்தம்மா எங்க?”

“கருவி எடுக்க ஆபீஸுக்குப் போயிருக்காங்க. அதுவரைக்கும் நானே பாத்துக்கறேன். பதினோரு வருஷ அனுபவம் சார். இந்த விளக்கு பாக்கத்தான் அற்பம். உங்க தங்கச்சி போன் எவ்வளவு தூரத்துல இருக்குன்னு இதுவே காட்டிக்குடுத்துடும். வெள்ளைன்னா தூரம். மஞ்சளாச்சுன்னா கிட்ட வந்துட்டாங்கன்னு அர்த்தம்.”

“கதை விடுறியா?”

“கொஞ்சம் பொறுங்க. இதோ... மஞ்சள்! மஞ்சளாகுது பாருங்க!”

விளக்கு மெதுவாக வெள்ளையிலிருந்து மஞ்சளுக்கு மாறியது. உயரமானவன் வாயைத் திறந்தபடி அதையே பார்த்தான்.

அதற்குப் பிறகு பல்பு விளக்குக் கடையில் கற்ற வித்தை அத்தனையையும் எடுத்துவிட்டான். வாடிக்கையாளர் வாசல் பக்கம் நகரும்போது கேள்வி கேட்க வேண்டும். கேள்வி கேட்டவுடன் கையில் எதையாவது கொடுத்துவிட வேண்டும். கையில் பொருள் இருக்கிறவன் கடையை விட்டுப் போவதில்லை.

“சார், நீங்க நல்ல உயரம். நாற்காலி மேல ஏறி ரெண்டு கையாலயும் விளக்கைச் சுத்தியிருக்கிற அந்த வளையத்தைப் பிடிச்சுக்குங்க. உடம்புதான் ஏரியல். கையை எடுத்தா சிக்னல் போயிடும்.”

ஆறடிக்காரன் நாற்காலியில் ஏறி, தலையைச் சாய்த்து, இரண்டு கைகளையும் கூரையில் வைத்துக்கொண்டு நின்றான். வேறொரு நாளாக இருந்திருந்தால் பல்பு விழுந்து விழுந்து சிரித்திருப்பான். இன்று அவன் கண் அந்தக் கைகளின் பருமனை விட்டு நகரவில்லை.

நாலு முப்பது. நாலு நாற்பது. “மங்குது... தூரமாப் போறாங்க. இல்ல, திரும்பறாங்க.”

நாலு ஐம்பதுக்குத் தெருவில் ஒரு லாரி வந்து நின்று இரும்புக் கம்பிகளைக் கொட்டத் தொடங்கியது.

“மஞ்சள்!” என்றான் பல்பு.

விளக்கு வெள்ளையாகவே இருந்தது.

“மஞ்சளாகணுமே... மஞ்சள்!”

மாறவில்லை. கம்பிகள் சடசடவென்று விழுந்துகொண்டே இருந்தன. மேலே ஒரு சொல்லும் கேட்டிருக்காது. உயரமானவன் கூரையிலிருந்து பார்வையை இறக்கி அவனைப் பார்த்தான். “நீ சொன்னாத்தான் மாறுமா?” என்று மெல்லக் கேட்டான். “நான் தட்டிப் பாக்கறேன்.” ஒரு காலைத் தரையில் இறக்கி, சுவிட்ச் பலகைப் பக்கம் கையை நீட்டினான்.

“தட்டாதீங்க!” பல்பு குறுக்கே பாய்ந்தான். இது மட்டும் சத்தியமான உண்மை என்பதால் குரலில் பிசிறில்லை. “வேகமா மூணு தடவை தட்டினா இதோட ஞாபகமே அழிஞ்சிடும். அப்புறம் யார் போனையும் அடையாளம் தெரியாது. இவ்வளவு நேரம் நின்னது அத்தனையும் வீண்!”

கை பாதியில் நின்றது. அவன் மறுபடி நாற்காலி மேல் ஏறினான். லாரி ஓய்ந்தது. “மஞ்சள்” என்றான் பல்பு, கிட்டத்தட்ட அழுகிற குரலில்.

மஞ்சளானது.

ஐந்து மணி பத்து நிமிஷத்துக்கு உயரமானவனின் சட்டைப்பையில் போன் அடித்தது. ஒரு கையை எடுத்துக் காதில் வைத்தான். விசாரணைக்கு வந்திருந்த கம்பெனிக்காரர் யாரோ எதிர்முனையில் கத்துவது பல்புவுக்கே கேட்டது.

“உள்ள போயிட்டாளா? எப்படி? ஒரு பொம்பளைகூடவா? கண்ணாடி போட்ட பொம்பளையா?”

போன் இறங்கியது. அவன் நாற்காலியின் உச்சியிலிருந்து பல்புவைப் பார்த்தான். பல்பு தாழ்ப்பாள் பக்கம் மூன்று அடி வைத்திருந்தான். நாலாவது அடி வைப்பதற்குள் உயரமானவன் விளக்கைக் கம்பியோடு பிடுங்கி வீசினான். அது பல்புவின் நெற்றியில் விழுந்து உடைந்தது.

அடுத்த அடி விழவில்லை. சாட்சி உள்ளே போய்விட்டாள். இங்கே அவனுக்கு இனி ஆக வேண்டியது ஒன்றுமில்லை. கதவைப் படாரென்று திறந்துகொண்டு ஓடினான். அந்தச் சாம்பல் நிறக் கார் இரண்டு தெரு தாண்டுவதற்குள், சர்வேயர் எழுதிக்கொடுத்த எண்ணைக் கையில் வைத்துக்கொண்டு போலீஸ் நின்றது. அது பல்புவுக்குப் பிறகுதான் தெரிந்தது.

மேல் வீட்டில் நர்ஸம்மா அவன் நெற்றியில் மூன்று தையல் போட்டார். ஆறரை மணிக்குப் பல்புவின் போன் அடித்தது. முதலில் பேசியவர் சர்வேயர்.

“உயிரோட இருக்கியா?”

“நெத்தியில ஓட்டை மேடம். உள்ள ஒண்ணும் இல்லாததால சேதம் கம்மி.”

அவர் சிரிக்கவில்லை. “என் அவசர புத்தியால ஒரு பொண்ணு உயிர் போயிருக்கும். நீ நேர் பண்ணின. நாளைக்கு கேஸ் நோட்டுல அதை அப்படியே எழுது. என் தப்பை மறைக்காம எழுது.” பிறகு எதிர்முனையில் போன் கை மாறியது.

நாற்காலிக்காரர் பல்புவிடமிருந்து போனை வாங்கி ஸ்பீக்கரில் போட்டார்.

“சொல்லிட்டேண்ணா” என்றது ஒரு களைத்த குரல். “மூணு லெட்டரையும் குடுத்துட்டேன். செத்துப்போன ரெண்டு பேர் பேரையும் சொல்லித்தான் ஆரம்பிச்சேன். ஒருத்தரோட சம்சாரம் பின்னாடி பெஞ்சுல இருந்தாங்க. முடிஞ்சதும் வந்து என் கையைப் பிடிச்சுக்கிட்டு விடவே இல்ல.”

நர்ஸம்மா போனைப் பார்த்து, “வாம்மா, சீக்கிரம் வா” என்றார்.

“அரை மணி நேரத்துல வந்துடுவேன். அண்ணா, இருக்கியா?”

“வாசல்ல இருப்பேன்” என்றார் அவர்.

சொன்னவர் தாமதிக்கவில்லை. சக்கரத்தைத் தானே உருட்டிக்கொண்டு தாழ்வாரத்தின் கோடிக்குப் போனார். கட்டுப் போட்ட நெற்றியோடு பல்புவும் கூடவே போனான். லிஃப்ட் வந்து கதவு திறந்தது. நாற்காலி உள்ளே போனது. பல்பு மட்டும் வெளியே நின்றான். விழுந்த லிஃப்டைப் பற்றி நாள் முழுக்கக் கேட்டவனுக்கு, அந்த இருட்டுப் பெட்டியைப் பார்த்ததும் கால் எழவில்லை. “நான் படியில வரேன் சார்” என்றான்.

நாற்காலிக்காரர் ஈரக் கண்ணோடு சிரித்தார்.

“பயப்படாம ஏறுங்க. இந்த லிஃப்டைப் பாத்துக்கிறது என் தங்கச்சி.”

பல்பு ஏறினான்.